மனம் திறக்கும் வெள்ளிக்கிழமை

பஸ் முதலாளி சேனாதிபதிக்குச் சென்னையில் ஏதோ கிளப்பில் கேட்ட பிரசங்கம் மண்டைக்குள் புகுந்துவிட்டது. தொழிலாளி மனம் திறந்து பேசினால்தான் தொழில் வளருமாம். அதிலிருந்து கொடைக்கானல் ஷெட்டில் வெள்ளிதோறும் பூசை முடிந்ததும் வடையோடு மனம் திறக்கும் கூட்டம்.

திறந்தவனுக்கு மாலை உண்டு. மாலையோடு வண்டியும் உண்டு. எந்த வண்டியில் கோளாறு என்று ஒருவன் சொல்கிறானோ, அது அவன் தலையில்தான். "அதோட நோவு தெரிஞ்சவன் நீதானப்பா" என்பார் முதலாளி. ரேடியேட்டர் ஒழுகுவதாகச் சொன்ன திருமலைச்சாமி இன்னும் அந்த ஒழுகலோடுதான் குடித்தனம் நடத்துகிறார். மற்ற டிரைவர்கள் வடைக்கு மட்டும் வாயைத் திறந்தார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை காலை டிரைவர் குருநாதன் மூன்றாம் நம்பர் வண்டியை வத்தலக்குண்டிலிருந்து மேலே கொண்டுவந்தான். ஏற்றத்தில் பிரேக்கை யார் நினைக்கிறார்கள்? ஷெட்டு வாசலில் பிரேக்கை மிதித்தபோது மிதி அடிப்பலகை வரை போயிற்று. மத்தியானம் அதைக் கீழே இறக்க வேண்டியவன் பொன்னுவேல், குருநாதனின் தங்கை புருஷன்.

"மாப்ளே, பிரேக் நிக்கல. முதலாளிகிட்டச் சொல்லிரு."

"தெரியும் மச்சான். ஒரு வாரமா கியர்லயேதான் இறக்குறேன். சொன்னா காலம்பூரா என் தலையிலல்ல கெடக்கும்? நீங்களும் சும்மா இருங்க."

குருநாதனால் சும்மா இருக்க முடியவில்லை. தங்கை முகம் கண்ணுக்குள் நின்றது. கூட்டத்தில் எழுந்து சொல்லிவிட்டான்.

முதலாளிக்குக் கண் கலங்கியது. மாலை போட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு, நியாயஸ்தர் அல்லவா, விசாரிக்கவும் செய்தார். "பொன்னுவேலு, ஒரு வாரமா நீதான அதைக் கீழ இறக்குற?"

பொன்னுவேல் தரையைப் பார்த்தான். "எனக்கு ஒண்ணும் தெரியலைங்க."

"அப்போ வண்டி நல்லாத்தான் இருக்கு, குருநாதா, உனக்குத்தான் அதுல பழக்கம் பத்தல. இனி அது உன் வண்டி. மத்தியான ட்ரிப்பும் நீயே எடு."

"நான் சொல்ல வந்தது, இன்னைக்கு இறக்க வேணாம்னு..."

"அடுத்த வெள்ளிக்கிழமை சொல்லு. எல்லாத்தையும் கேக்குறேன்."

மத்தியானம் வண்டி நிறைய ஆள், கூரை நிறையப் பூண்டு மூட்டை. செண்பகனூர் தாண்டிச் சரிவு பிடித்ததும் குருநாதன் முதல் கியரில் ஊர்ந்தான்.

"மாட்டுவண்டியா ஓட்டுறீங்க? வெரசாப் போங்கண்ணே, கீழ பழனி பஸ்ஸு போயிரும்" என்றாள் முன்சீட்டுக்காரி.

சொல்லிவிடலாம் என்று திரும்பினான். சொல்ல வேண்டாமென்று கண்டக்டர் வேலுமணி கண்ணாலேயே கெஞ்சினான். இந்த வளைவில் சொன்னால் இத்தனை பேரும் எழுந்து கதவுக்கு ஓடுவார்கள். குருநாதன் வாயை மூடிக்கொண்டு பிரேக் மிதியை அடிப்பலகை வரை அழுத்தினான். அடுத்த வளைவுக்கு வண்டி அவன் கேட்டதைவிடக் கொஞ்சம் வேகமாகவே போயிற்று.