ஒண்ணுமில்லை என்று சொல்லாத பெட்டி

கடிகாரக்காரர் பழுது நீக்கிய குஞ்சு பொரிக்கும் பெட்டி, அவருடைய மனைவிக்குக் கோபம் வந்தால் குளிர்ந்துவிடும். வருத்தம் வந்தால் சூடேறிவிடும். மற்றபடி நல்ல பெட்டிதான். நூறு வருஷத்துக்கு மேல் பழசு. மரச்சட்டம், செம்புத் தண்ணீர்த் தொட்டி, பக்கவாட்டில் ஒரு மண்ணெண்ணெய் விளக்கு. மாடியில் குடியிருந்த டாக்சி ஓட்டும் மைத்துனன், இடிக்கப்போகும் வீடு ஒன்றிலிருந்து அதைத் தூக்கி வந்து கூடத்தில் இறக்கியபோது கரையான் அதில் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. "இதுல குஞ்சு பொரிஞ்சா நான் மீசைய எடுத்துடறேன் அத்தான்," என்றான்.

மழைக்காலம் முழுக்க அவர் அதோடு மல்லுக்கட்டினார். சட்டத்தை இழைத்தார், தொட்டியின் ஓட்டைகளுக்கு ஈயம் பற்றவைத்தார், விளக்குக்குப் புதுத் திரி போட்டார். கடைசியில் உள்ளங்கை அளவு பித்தளைச் சிமிழ் ஒன்று மிஞ்சியது. பெட்டிக்குள் சூடு கூடினால் அது உப்பி, விளக்குக் குழாயின் மேலுள்ள சின்ன மூடியைத் தூக்கும், வெப்பம் வெளியேறும். சூடு குறைந்தால் சுருங்கி மூடியை இறக்கிவிடும். அதற்குள் இருந்த ஆவி எப்போதோ போய்விட்டிருந்தது. எதை நிரப்புவது என்று அவர் விழித்துக்கொண்டிருந்தபோது, அஞ்சலகத்திலிருந்து வந்து செருப்பைக் கழற்றிய மனைவி, "குடுங்க இப்படி," என்று வாங்கி, பலூன் ஊதுவதுபோல் ஒரு மூச்சு ஊதினாள். அவர் சட்டென்று துளையை அடைத்துவிட்டார். சிமிழ் வேலை செய்தது.

முட்டைகளை அடுக்கிய வாரத்திலேயே விஷயம் தெரிந்தது. மைத்துனன் அவளுடைய வண்டிச் சாவியைத் தொலைத்த அன்று அவள் பல்லைக் கடித்தாள். சிமிழ் உப்பி, மூடி எகிறி, முட்டைகள் சில்லிட்டுப் போயின. அவள் அருகில் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. மூன்று தெரு தள்ளி, அஞ்சலகக் கவுண்ட்டரில் யாராவது வரிசையை இடித்துக்கொண்டு முன்னே வந்தால், இங்கே மூடி டக்கென்று திறக்கும். அதன்பின் வீட்டில் கதவுகள் மெதுவாகச் சாத்தப்பட்டன. மைத்துனன் ஈரத்துண்டைக் கட்டிலில் போடுவதை நிறுத்தினான். கடிகாரக்காரர், மணமாகி இத்தனை வருஷத்தில் முதல்முறையாக, சாப்பிட்ட தட்டைத் தானே கழுவினார்.

அவளுக்கு வெளியூர் அஞ்சலகத்தில் தலைமைப் பதவி வந்தது அந்தச் சமயத்தில்தான். "நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டாள். "உன் இஷ்டம்," என்றார், பெருந்தன்மையாகப் பேசிவிட்டதாக நினைத்துக்கொண்டு. அவள் முகம் மாறியது. என்ன ஆச்சு என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல," என்றாள். அவள் எப்போதும் அதைத்தான் சொல்வாள். அவர் எப்போதும் அதை நம்புவார். இரண்டு பைகளோடு அவள் தனியாக ரயிலேறிய அன்றே மூடி இறங்கிக்கொண்டது. சூடு ஏறியது. திரியைக் குறைத்தார்; ஏறியது. விளக்கையே அணைத்தார், அப்போதும் ஏறியது. மூடியைக் கையால் தூக்கினால் டொக்கென்று விழுந்தது. பொரியப்போகும் கடைசி நாட்களில் பெட்டியின் கதவைத் திறக்கவும் கூடாது. ஈரம் போய், குஞ்சு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். உள்ளே கீச்சொலி கேட்க ஆரம்பித்திருந்தது.

"இது பொட்டிக் கோளாறு இல்ல அத்தான். அக்காகிட்ட பேசுங்க," என்றான் மைத்துனன், மீசையைத் தடவியபடி.

போன் செய்தார்.

"வருத்தமா இருக்கியா?"

"ஒண்ணுமில்ல."

"பொட்டி வேற மாதிரி சொல்லுது."

"பொட்டி சொல்லித்தான் தெரியணுமா? போகாதேன்னோ, நானும் வரேன்னோ, ஏதாவது ஒண்ணு சொல்லியிருக்கலாம்ல."

அவர் தன் கடையை நினைத்துப் பார்த்தார். கடிகாரங்கள் எந்த ஊரிலும் நின்றுபோகத்தான் செய்யும் என்று தோன்றியது. "நானும் வரேன்," என்றார். "குஞ்சு பொரிஞ்சதும்."

"அதுக்கு முன்னாடி வந்தா ஆகாதா?"

"வந்தா அதுங்கள யாரு பாத்துப்பா? உன் தம்பியா?"

அவள் சிரித்துவிட்டாள். மூடி ஒரு விரல்கடை உயர்ந்து, அப்படியே நின்றது.

முட்டைகள் ஒன்று விடாமல் பொரிந்தன. மைத்துனன் மீசையை எடுத்தான். அவனுக்கு மேலுதடு என்று ஒன்று பெயருக்குத்தான் இருந்தது என்பது அன்றுதான் தெரிந்தது. கடிகாரக்காரர் பெட்டியோடும் குஞ்சுகளோடும் வெளியூர் போய், அஞ்சலகத்துக்கு எதிரிலேயே கடை போட்டார். கொஞ்ச காலம், வீட்டுக்கு வந்ததும் மூடியைப் பார்த்துவிட்டுத்தான் சட்டையைக் கழற்றுவார். பிறகு அதற்கும் அவசியம் இல்லாமல் போயிற்று. யாராவது "ஒண்ணுமில்ல" என்று சொன்னால், அந்தப் பெட்டியில் பிறந்த கோழிகள் கொத்துவதை நிறுத்திவிட்டு, தலையைச் சாய்த்து, சொன்னவரையே பார்க்கும். உள்ளதைச் சொல்லும்வரை பார்வையை எடுக்காது. அந்தத் தெருவில் வளர்ந்த பிள்ளைகள், கோழி என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.