பிள்ளையாருக்கு இரண்டு சோடி கையுறை

"அம்மா, பிள்ளையாருக்கு நாலு கையெல்லோ? அப்ப அவருக்கு ரெண்டு சோடி கையுறை வேணும். ஆர் குடுக்கிறது?"

அபிசனா இதைக் கேட்டபோது அவளுக்கு ஐந்து வயது. கெல்சென்கிர்ச்சனில் அன்று காலை பனி கொட்டியிருந்தது. சுகன்யாதேவி மகளைக் கிண்டர்கார்டனுக்குக் கூட்டிப்போக அவசர அவசரமாக உடுப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். குழந்தையோ சமையலறைத் தட்டில் சட்டையில்லாமல் உட்கார்ந்திருந்த பிள்ளையாரையே பார்த்துக்கொண்டு நின்றது. "அவருக்குக் குளிராது பிள்ளை" என்று சொல்லித் தாய் கதவைப் பூட்டினாள்.

இப்போது அந்தக் குழந்தைக்குப் பதினாறு வயதாகிவிட்டது. கேட்டதையே மறந்துவிட்டாள். தாய் மறக்கவில்லை.

சுகன்யா ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளராக வேலை செய்கிறாள். கணவன் மதீசன் ட்ராம் ஓட்டுகிறவன். நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்தால் இதயம் கெட்டுவிடும் என்று வைத்தியர் சொன்னதால் அவன் பழைய மலைச் சைக்கிள் ஒன்றை வாங்கினான். அவனுக்குத் துணையாகப் போன சுகன்யாவுக்குத்தான் அந்தப் பித்து முற்றிப் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் சாவர்லாந்து மலைகளுக்குப் போய்விடுவார்கள்.

போன மார்ச்சில் அங்கே மேலே இருக்கும் சதுப்புவெளிக்குப் போனார்கள். கீழே நல்ல வெயில். குளிர்காலம் முடிந்துவிட்டது என்று நம்பி, ஆளுக்கு ஒரு சோடி மெல்லிய கையுறையோடு ஏறினார்கள். மேலே குளிர்காலம் முடியவில்லை. பாதையில் குளமாய் நின்ற தண்ணீரின் மேல் மெல்லிய ஐஸ் படிந்திருந்தது. அது உடைந்து இருவரும் விழுந்தார்கள். ஈரக் கையுறைக்குள் விரல்கள் மரத்துப்போய், பிரேக்கை இறுக்கிப் பிடிக்க முடியவில்லை. பிரேக் இல்லாமல் அந்தச் சரிவில் இறங்குவது எப்படி? சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து, வழிப்போக்கர் ஒதுங்கும் மரக்குடிசை ஒன்றில் நுழைந்தார்கள்.

உட்காரப் போட்டிருந்த மர வாங்கின் கீழே ஒரு தகரப் பெட்டி இருந்தது. தேவைப்படுகிறவர் எடுத்துக்கொள்ளலாம் என்று மூடியில் ஜெர்மனில் எழுதியிருந்தது. வைத்தவர் பெயர் இல்லை. உள்ளே உடம்பைச் சுற்றிக்கொள்ளும் வெள்ளித்தாள் போர்வை, ஒரு சாக்லேட், இரண்டு சோடி கம்பளிக் கையுறை. இரண்டு ஆட்கள், நாலு கை. சுகன்யாவுக்கு மகளின் கேள்வி ஞாபகம் வந்து கண் கலங்கிவிட்டது. அங்கேயே நேர்த்தி வைத்தாள். "பிள்ளையாரப்பா, எங்களை வீட்டை கொண்டுபோய்ச் சேர். இந்தப் பெட்டியை நான் திருப்பி நிரப்பி வைப்பன்."

அந்தக் கையுறைகளைப் போட்டுக்கொண்டு பத்திரமாக வீடு வந்து சேர்ந்தார்கள். பிறகு கோடை வந்தது. கோடையில் கையுறையை யார் நினைப்பார்கள்? நவம்பரில் முதல் பனி விழுந்த அன்றுதான் அவளுக்கு நெஞ்சில் திக்கென்றது.

"இஞ்சாருங்கோ, அந்தப் பெட்டி வெறுமையாய்க் கிடக்குது."

"எந்தப் பெட்டி?"

"நாங்கள் வழிச்சுத் துடைச்ச பெட்டி."

"அதுவோ! அந்தக் காட்டுக்குள்ளை ஆர் வந்து திறக்கப்போகினம்? முயலுக்குக் கையுறை வேணுமே?" என்று மதீசன் சிரித்தான்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. யாரோ ஒருவர் விரல் மரத்து, அந்தக் குடிசைக்குள் வந்து, மூடியில் எழுதியிருப்பதை நம்பித் திறந்து பார்த்தால்? நேர்த்தி பிந்தினால் பிள்ளையார் பொறுத்துக்கொள்வார். குளிர் பொறுக்காது. ஆனால் நவம்பர் முழுக்க அவளுக்குச் சனிக்கிழமையும் வேலை. அதன் பிறகு காய்ச்சல், அதன் பிறகு டிசம்பரில் நத்தார்ப் பண்டிகை, விருந்தாட்கள். அதற்கிடையில் ஒரு சனிக்கிழமை மதீசன் கொலோனில் இருக்கும் அண்ணைக்கு வீடு மாற்ற உதவப் போனான். திரும்பி வந்தபோது சப்பாத்தெல்லாம் கறுத்தச் சேறு.

"வீடு மாத்தினனீங்களோ, வயல் உழுதனீங்களோ?"

"தோட்டத்தையும் சேர்த்தெல்லோ மாத்தினனாங்கள்" என்றான் அவன், சப்பாத்தைக் கழுவிக்கொண்டே.

கடைசியில் ஜனவரியில் ஒரு ஞாயிறு வாய்த்தது. இந்த முறை சுகன்யா முதல்நாளே எல்லாம் ஆயத்தம் செய்தாள். பருத்தி உடுப்பு வியர்வையைப் பிடித்து வைத்துக்கொண்டு பிறகு உறையும் என்பதால் உள்ளே கம்பளி, வெளியே காற்றுப் புகாத சட்டை. பனியில் வழுக்காமலிருக்கச் சில்லுகளில் காற்றைக் கொஞ்சம் குறைத்தாள். குளிரில் பேட்டரி செத்துவிடும் என்பதால் போன் உள்பையில், உடம்போடு. ஒரு பிளாஸ்கில் இஞ்சித் தேநீர், இன்னொன்றில் வெறும் சுடுதண்ணீர். விளக்கு, மெல்லிய எண்ணெய்ப் போத்தல். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பொதி: வெள்ளித்தாள் போர்வை, எள்ளுருண்டை, புதிதாக வாங்கிய இரண்டு சோடி கையுறை. நாலு கைக்கும் அளவு பெரிதாகவே வாங்கியிருந்தாள். வரப்போகிறவர் யாரென்று தெரியாதே.

எங்கே நின்றாலும் ஒரு மணிக்குத் திரும்பிவிடுவது என்பது அவள் போட்ட சட்டம். போகும் பாதையைப் போர்வைக்குள் கிடந்த மகளிடம் சொன்னாள்.

"நாலு மணிக்குள்ளை போன் வராட்டி அவசர உதவிக்கு நூற்றுப் பன்னிரண்டுக்கு அடிக்கவேணும். தெரியும் அம்மா. இப்ப நித்திரை கொள்ள விடுங்கோ."

மேல்மாடியில் வாடகைக்கு இருக்கும் உதயும் கூட வந்தான். கோயம்புத்தூர்ப் பையன், மென்பொருள் வேலை, முதல் குளிர்காலச் சவாரி. படியிறங்கும்போதே சத்தம்.

"அக்கா, நான் ரெடி! பைக்கை நேத்தே சர்வீஸ் பண்ணிட்டேன். வீடியோ பாத்து நானே கழட்டி மாட்டினேன்."

"ரெண்டாவது சோடி கையுறை எங்கை தம்பி?"

"எனக்கு ரெண்டு கைதானேக்கா?"

"விடும் சுகன்யா" என்றான் மதீசன். "மிச்சத்தைக் குளிர் சொல்லிக் குடுக்கும்."

சதுப்புவெளி அன்று இருந்த அழகைச் சொல்ல எனக்குச் சொல் போதாது. இரவு விழுந்த புதுப்பனி. ஒவ்வொரு புல் நுனியிலும் வெள்ளைத் துகள். நடுவே மரப்பலகை போட்ட நடைபாதையில் சைக்கிள் போகக்கூடாது. அதை விட்டு ஓரமாகச் சுற்றிப் போகும் மண்பாதையில் மூவரும் போனார்கள். சில்லின் கீழே பனி நறநறத்தது. இப்படி ஒரு காலையைப் படைத்தவன் அதைப் பார்க்க நம்மையும் கூப்பிட்டிருக்கிறானே என்று சுகன்யாவுக்குத் தோன்றியது. உதய்க்குத் தோன்றியதை அவன் வாய்விட்டே கத்தினான். ஒரு காகம் எழும்பிப் பறந்தது.

அடுத்த ஏற்றத்தில் அவன் வேறு மாதிரிக் கத்தினான்.

"அக்கா! பைக் நியூட்ரல்ல விழுந்துடுச்சு!"

மிதிகள் சும்மா சுற்றின. சில்லு அசையவில்லை. மதீசன் குனிந்து பார்த்தான்.

"பின்சில்லுக்கை என்ன போட்டனீர்?"

"ஆயில்தான் அண்ணா."

"என்ன ஆயில்?"

உதய் குரலைத் தாழ்த்தினான். "தேங்காய் எண்ணெய். எங்கம்மா அனுப்பினது அண்ணா, சுத்தமானது. தலைக்கு, வாய்ப்புண்ணுக்கு, கதவுக்கீலுக்கு, எங்க வீட்ல எல்லாத்துக்கும் அதான்."

மதீசன் பனியில் உட்கார்ந்துவிட்டான். சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கியது. "சுகன்யா! சில்லுக்கை மெழுகுதிரி வார்த்து வைச்சிருக்கிறார்!"

மிதிக்கும்போது சில்லைப் பிடித்துச் சுற்றவைக்கும் சின்னப் பற்கள் பின்சில்லின் அச்சுக்குள்ளே இருக்கின்றன. உறைந்த எண்ணெயில் அவை அப்படியே ஒட்டிக்கொண்டன. சுகன்யா சுடுதண்ணீர் பிளாஸ்கை எடுத்தாள். உதய் சில்லைக் கட்டிப்பிடித்துக்கொள்ள, மதீசன் மெல்ல ஊற்றினான். வெள்ளையாய்க் கட்டியிருந்தது உருகி வழிந்தது. வெறும் பனியில் தேங்காய் வாசம் எழும்பியது.

"கறிவேப்பிலை இருந்தால் தாளிச்சிடலாம்" என்றான் மதீசன்.

மெல்லிய எண்ணெயை விட்டுச் சில்லைச் சுற்றினார்கள். டிக் டிக் என்ற சத்தம் திரும்பி வந்தது. பற்கள் பிடித்துக்கொண்டன. உதய் துள்ளிக் குதித்தான். பிறகு தன் கைகளைப் பார்த்தான். ஊற்றிய தண்ணீரெல்லாம் கையுறையில் இறங்கியிருந்தது. காற்றுப் பட்டதும் அது விறைக்கத் தொடங்கியது.

"அப்பளம் மாதிரி ஆயிடுச்சுக்கா" என்று சிரித்தான். ஆனால் உதடு நடுங்கியது.

"கழட்டும், உடனை கழட்டும்" என்றாள் சுகன்யா. கணவனிடம் திரும்பினாள். "உங்கடை ரெண்டாவது சோடியைக் குடுங்கோ. என்ரை சோடி தம்பியின்ரை கைக்குக் கொள்ளாது."

மதீசன் பையைக் கிளறினான். "வீட்டிலை விட்டிட்டன் போலை."

"நீங்களோ? போன மார்ச்சிலை பட்டது காணாதோ?"

அவன் தன் சைக்கிள் சங்கிலியை ஆராயத் தொடங்கினான். அதில் ஆராய ஒன்றுமில்லை.

அடியிலிருந்த பொதியை அவிழ்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. சுகன்யாவின் கை ஒரு கணம் தயங்கியது. நேர்ந்துகொண்ட பொருள். நாலு கைக்கென்று எடுத்துவைத்தது. ஆனால் இனி வரப்போகும் கைக்காக எதிரில் நடுங்குகிற கையை விட்டுவிட எந்தத் தெய்வம் சொல்லும்? ஒரு சோடியை எடுத்து நீட்டினாள்.

"செம சூடா இருக்கே! யாரோடதுக்கா இது?"

"பிள்ளையாற்றை."

"ஐயோ, கோச்சுக்க மாட்டாரா?"

"அவரிட்டை இன்னும் ஒரு சோடி இருக்கு. நீர் சைக்கிளை ஓடும்."

பாதை பிரியும் இடத்துக்கு வந்தபோது ஒரு மணிக்குக் கால் மணி நேரம்தான் மிச்சம். இடப்பக்கம் காட்டுவழியாக ஊருக்கு இறங்கலாம். நேரே, வெள்ளைவெளியின் விளிம்பில், குடிசை சின்னதாய்த் தெரிந்தது.

"திரும்புவம் சுகன்யா" என்றான் மதீசன். "நேரம் போட்டது நீர்தானே. பெட்டி எங்கையும் ஓடாது."

"பெட்டி ஓடாது. ஆரும் வந்து திறந்தால்?"

"திறந்தால் திறக்கட்டும்."

அவன் அதைச் சொன்ன நிம்மதி அவளைச் சுட்டது. இத்தனை வருடம் கூட வாழ்ந்தவனுக்கு இது புரியவில்லையே என்று மனம் கசந்தது. அவள் இடப்பக்கம் சைக்கிளைத் திருப்பினாள். தான் போட்ட சட்டத்தைத் தானே மீறினால் பிறகு யார் மதிப்பார்கள்?

"அக்கா, இன்னும் ஒரு மணி ஆகலையே" என்றான் உதய். அவனுக்கு நேர்த்தியும் தெரியாது, பெட்டியும் தெரியாது. அவள் முகம் மட்டும் தெரிந்தது. "லேட்டானது என்னாலதானே? நான் முன்னாடி போய் பனியில தடம் போடறேன். நீங்க அதுலயே வாங்க. ஈசியா இருக்கும்."

சொல்லிவிட்டுக் குடிசைப் பக்கம் போயே விட்டான். புதுப்பனியில் இரண்டு முறை விழுந்தான், இரண்டு முறையும் சிரித்துக்கொண்டே எழும்பினான். அவன் போட்ட தடத்தில் சுகன்யா போனாள். பின்னால் மதீசன் வந்தான். குடிசையை அடைந்தபோது இன்னும் ஐந்து நிமிடம் மிச்சமிருந்தது.

"சப்பாத்து நாடா அவிண்டிட்டுது. உள்ளை இருந்து கட்டிக்கொண்டு வாறன்" என்றாள். மதீசன் உதய்க்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தான்.

உள்ளே மங்கலான வெளிச்சம். மண்டியிட்டு வாங்கின் கீழே கையை விட்டாள். பெட்டி வெறுமையாய் இருக்கும் என்று நினைத்து இழுத்தாள். கனத்தது.

மூடியைத் திறந்தாள். புது வெள்ளித்தாள் போர்வை. சாக்லேட். ஒரு சோடி புதுக் கையுறை. அதன் பக்கத்தில் ஒரு கருநீலச் சோடி, பழையது. வலது பெருவிரலில் சிவப்பு நூல் தையல்.

அந்தத் தையல் அவளுடையது. போன நவம்பரில் ஒரு நாள், வீட்டில் நீல நூல் இல்லாததால் சிவப்பில் தைத்தாள். "ட்ராம் நிப்பாட்டச் சிவப்பு நல்லதுதான்" என்று அதற்கும் ஒரு பகிடி விட்ட மதீசன் அதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனான். மணிக்கட்டு ஓரத்தில் கறுத்தச் சேறு காய்ந்திருந்தது. அவளுக்கு அந்தச் சேற்றைத் தெரியும். தோட்டத்தையும் சேர்த்து வீடு மாற்றிய சனிக்கிழமைச் சேறு.

கையுறையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் சிரித்தாள். முயலுக்குக் கையுறை வேணுமே என்று கேட்ட மனிதன்!

"என்ன சுகன்யா, நாடா கட்டிறீரோ, நெய்யிறீரோ?" வெளியிலிருந்து அவன் குரல்.

"வாறன், வாறன்."

தன் பொதியை அவிழ்த்துப் போர்வையையும் எள்ளுருண்டையையும் ஓரமாக அடுக்கினாள். மிஞ்சியிருந்த ஒரு சோடியைக் கருநீலச் சோடியின் மேல் வைத்தாள். இப்போது ஆறு கைக்கு இருந்தது. பிள்ளையாருக்குப் போக இரண்டு மிச்சம். தம்பி முருகனுக்குப் பன்னிரண்டு கையாயிற்றே, அதற்கு இன்னும் ஐந்து சோடி வேண்டும் என்று நினைத்தபோது மறுபடியும் சிரிப்பு வந்தது.

மூடி இறுக்கமாகத்தான் பொருந்தியது. அழுத்தி மூடி, பெட்டி முன்பு இருந்த இடத்துக்கே அதைத் தள்ளி வைத்தாள். முழங்காலில் ஒட்டியிருந்த பனியைத் துடைத்தாள். நாடாவை ஒருமுறை அவிழ்த்து உண்மையாகவே கட்டினாள்.