பூங்குழலி கடலுக்குப் போன விதம்

மாசியில் புளியஞ்சோலை ஆற்றில் கரைத்த பூங்குழலியின் சாம்பல், வைகாசியில் கொல்லிமலைக்குத் திரும்பி வந்தது. அதே மண் கலயம், வாயில் கட்டிய அதே சிவப்புத் துணி. காலையில் அவள் புருஷன் ரமேஷ்குமார் கதவைத் திறந்தபோது வாசற்படியில் நனைந்து உட்கார்ந்திருந்தது. துடைத்து உள்ளே எடுத்துப்போய் மிக்ஸிக்குப் பக்கத்தில் வைத்தான். பிறகு மிளகுக் கொடிகளைப் பார்க்கப் போனான்.

மலையில் அவன் ஊர் இருந்த பைல் நாட்டில் இறந்தவர்களைப் புதைப்பதுதான் வழக்கம். பூங்குழலி அடிவாரத்துப் பெண்; அவள் ஊர் முறைப்படி எரித்திருந்தார்கள். ஊர்ப் பெரியவர் அப்பாசாமி கலயத்தைப் பார்த்துவிட்டு, புகுந்த வீட்டு முறைக்குத்தான் திரும்பியிருக்கிறாள் என்றார். பலா மரத்தடியில் ஆழக் குழி வெட்டிப் புதைத்தார்கள். மறுநாள் கலயம் மீண்டும் படியில் இருந்தது. மண்ணைக் கழுவிக்கொண்டு வந்திருந்தது.

"ரோசக்காரப் புள்ளதான்" என்ற அப்பாசாமி, அன்று அவன் வீட்டில் களி தின்ன உட்கார்ந்து முதல் வாயோடு நிறுத்தினார். "ஏஞ்சாமி, உப்பே போடலியே?"

"அப்படீங்களா" என்றான் ரமேஷ்குமார். அவள் போனதிலிருந்து அப்படித்தான் தின்றுகொண்டிருந்தான்.

அந்த வாரமே மாமியார் மயிலம்மாள் பஸ் ஏறி வந்தாள். அடிவாரத்தில் வீட்டுக்கு வீடு கலயம் திரும்பிவிட்டதாகச் சொன்னாள். காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மலையில் அருவிக்கு மேலே ஒரு சொகுசு விடுதிக்காக ஆற்றை மறித்துச் சுவர் எழுப்பியிருந்தார்கள். கீழே மணல் அள்ளினார்கள், மோட்டார் வைத்து உறிஞ்சினார்கள். காவிரியோடு கலந்து போக வேண்டிய தண்ணீர் போய்ச் சேராமல் முகத்துவாரத்தை மணல் மூடிவிட்டது. கடலிலிருந்து மடவை மீன் குஞ்சுகள் உள்ளே வருவதும் நின்றுபோயிற்று. கடலைச் சேர முடியாதவர்கள் வீட்டுக்குத்தானே வருவார்கள். தப்பு வழி நெடுக இருந்தாலும் முதல் சுவர் மலையில் இருந்தது. அதற்கு இடம் கொடுத்தவர் அப்பாசாமி.

"நீங்க படிச்சவரு மாப்ள. நாலு பேருகிட்டச் சொல்லுங்க" என்றாள் மயிலம்மாள். கலயத்தைத் தடவிக்கொண்டே கேட்டாள்: "ஆத்தத் தொறந்துட்டா இவ போயிருவாளே. பரவால்லீங்களா?"

"தெரியலீங்க அத்தை."

தெரியாமலேயே புறப்பட்டான். இரண்டு வருடம் கலயத்தோடு ஊர் ஊராகப் போய் ஒரே பேச்சைத்தான் பேசினான்: "என் சம்சாரம் கடலுக்குப் போவோணும். சுவரை எடுங்க." மலைக்காரர்கள் சிரித்தார்கள். நாங்கள் புதைக்கிற சனம், எங்களுக்கென்ன என்றார்கள். "எம்பையன் விடுதில வேல பாக்கறானுங்க. உங்க சம்சாரம் சம்பளம் குடுக்குமா?" என்றார் ஒரு மரவள்ளிக்காரர். ரமேஷ்குமார் கலயத்தைத் தரையில் இறக்கினான். இறக்கிய இடத்தில் ஈரம் ஊறி, மேடு பள்ளம் பார்க்காமல் சுவர் இருக்கும் திசையில் ஓடியது. அதற்கு மேல் யாரும் சிரிக்கவில்லை.

மூன்றாம் வருடம் ஆடியில் அடிவாரத்துச் சனமும் கடலோரத்துச் சனமும் அவரவர் கலயங்களோடு மலைமேல் சோளக்காடு பஸ் நிறுத்தத்தில் வந்து இறங்கினார்கள். கண்டக்டர்கள் முதலில் லக்கேஜ் டிக்கெட் போட்டார்கள். பெண்களுக்கு டவுன் பஸ் இலவசமாயிற்றே என்று மயிலம்மாள் சண்டை பிடித்த பிறகு பெண்களின் கலயங்களுக்குக் கட்டணம் கேட்கவில்லை. சுவரைப் பார்வையிட வந்த அதிகாரியின் கார் பின் சீட்டில் அவருடைய அப்பா கலயத்தில் ஈரமாக இருந்தார். சுவரை இடிக்க உத்தரவு அன்றைக்கே வந்தது.

அப்பாசாமி கடப்பாரையை வாங்கினார். "எடம் குடுத்தவன் நானு. மொத அடியும் நானே போடறேன்."

சுவர் விழும்போது ரமேஷ்குமார் கலயத்தை இறக்காமல் நெஞ்சோடு பிடித்திருந்தான். மற்ற எல்லாக் கலயங்களும் தண்ணீரில் இறங்கிய பிறகும் பிடித்திருந்தான். பிறகு அவனாகவே குனிந்து தண்ணீரில் வைத்தான். கலயம் மிதந்து போகவில்லை; கனம் மட்டும் குறைந்தது. வெறுங்கலயத்தை எடுத்துவந்து மிக்ஸிக்குப் பக்கத்தில் வைத்தான்.

கார்த்திகையில் முகத்துவாரம் திறந்துகொண்டதாகக் கடலோரத்திலிருந்து போன் வந்தது. அன்று கலயத்தின் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தான். உப்பு. ஒரு சிட்டிகை எடுத்துக் களியில் போட்டான். மறுநாளும் இருந்தது. அதன் பிறகு அவன் கடையில் உப்பு வாங்கவில்லை.

ஒருநாள் அப்பாசாமி தின்றுபார்த்துவிட்டு, உப்பு ஒரு கல் கூடுதல் என்றார்.

"அவ எப்பவுமே தூக்கலாத்தானுங்க போடுவா" என்றான் ரமேஷ்குமார்.