நன்னிலத்துக் குதிரையின் வயிற்றில் மணல்

1

“கட்டுரையில என் பேரு முதல்ல வரணும் சார்.”

பட்டத்துக்குக் கையெழுத்துப் போடுகிறவரிடம் இதை மட்டும் கேட்டுவிடாதே என்று கால்நடை மருத்துவம் படிக்கும் ஷோபனாவுக்குச் சீனியர்கள் சொல்லியிருந்தார்கள். கேட்டுவிட்டாள். கதை எங்கிருந்து வந்தது என்று நானும் சொல்லிவிடுகிறேன்: போன தை மாதம் கீழ்வேளூர் ரோட்டில் காயப்போட்டிருந்த வைக்கோல் மேல் என் பஸ் ஏறி இறங்கியது. அவ்வளவுதான்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘காவிரி பாயும் மண்ணில், குடும்பத்தின் முதல் பட்டதாரியாக…’ வேண்டாம். நீங்கள் உடனே பரிதாபப்படுவீர்கள். அவளுக்குப் பிடிக்காது. எனக்கும்தான். அவள் வேலையைப் பாருங்கள்.

வேளாங்கண்ணிக் கடற்கரையில் சவாரிக்கு நிற்கும் குதிரைகளுக்கு அடிக்கடி வயிற்றுவலி. தோள்வரை நீளும் பிளாஸ்டிக் கையுறையில் அவை போட்ட லத்தியையும் தண்ணீரையும் கலக்கித் தொங்கவிட்டால், குதிரை தின்ற மணல் விரல்நுனிகளில் வந்து தங்கும். கரையில் கொட்டிய தீனியோடு போன மணல். பேராசிரியர் வெங்கட்ராகவன் எதிர்பார்த்ததும் அதுதான். கட்டுரைக்குக் கடற்கரை என்று தலைப்பே வைத்துவிட்டார். ஒப்பிட்டுப் பார்க்க, கடலையே காணாத குதிரை ஒன்றையும் ஷோபனா சேர்த்தாள். நன்னிலத்தில் ஹாஜா மைதீன் கல்யாண ஊர்வலத்துக்கு வளர்ப்பது. அதன் கையுறையிலும் மணல்.

(இங்கே நான் அவளைச் சந்தேகப்பட்டேன். கையுறை மாறியிருக்குமோ? அவளுக்கும் அதே சந்தேகம்; மறுபடி போனாள். “டாக்டரம்மா, லத்தி வாங்க பஸ் ஏறி வர்ற ஒரே ஆளு நீங்கதான்,” என்றார் ஹாஜா மைதீன். மறுபடியும் மணல். வெளியே வந்தால் ரோட்டில் வைக்கோல் காய்கிறது. ஒரு பிடி எடுத்து உதறினாள். ரோட்டு மணல் பொலபொலவென்று கொட்டியது. குதிரை தின்பது அதைத்தான்.)

3

பேராசிரியரை வில்லனாக்கத்தான் ஆசை. ‘அவர் ஏளனமாக…’ அடித்துவிட்டேன். ஃபேனை அவள் பக்கம் திருப்பி வைக்கிற மனுஷன். எரிச்சலே அதுதான்.

“உக்காரும்மா. உன் பேரே முதல்ல வரட்டும். நன்னிலம் குதிரைய மட்டும் எடுத்துடு. ஒத்தக் குதிரைய வச்சு, ரோட்டுல வைக்கோல் காயப்போடாதேன்னு டெல்டாவுக்கே சொல்ல முடியுமா?”

“ஒண்ணு போதாது, இன்னும் பாக்கணும்னு எழுதுவோம் சார். அப்படி ஒரு குதிரையே இல்லைன்னு எப்படி எழுதறது?”

“தலைப்பே கெட்டுப்போயிடும்மா.”

“தலைப்ப மாத்துங்க சார்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

4

முடிவுகளை எழுதிப் பார்த்தேன். அவர் மனம் மாறுகிறார்: நீங்கள் நம்பமாட்டீர்கள். அவள் இணங்குகிறாள், பெயர் அச்சாகிறது, வீட்டில் சட்டம் போட்டு மாட்டுகிறார்கள்: இதை நம்புவீர்கள், அதனாலேயே எழுதக் கை வரவில்லை. இன்னொன்றில் அவள்…

“அப்ப என் பேரே வேணாம் சார்,” என்றாள் ஷோபனா, என்னைக் கேட்காமலே. “நன்னிலத்த நான் தனியா எழுதிக்கறேன்.”

“யோசிச்சுச் சொல்லும்மா.”

“யோசிச்சுட்டுத்தான் சார் உள்ள வந்தேன்.”

இனி அவர் கையெழுத்துப் போடுவாரா? எனக்குத் தெரியாது. தெரிந்தாக வேண்டுமென்றால் நீங்கள் அந்த அறையிலேயே இருந்து பாருங்கள். அவள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டாள். நான் அவளோடு போகிறேன்.