ஹில்டாவின் சர்பத்

சடையங்குப்பத்தில் வெள்ளம் புகுந்து, ஜனங்கள் விம்கோ நகர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் அடைந்து கிடந்தபோது, அந்த முகாமுக்கே மகாராணி ஹில்டாதான். மழை விட்ட புழுக்கத்துக்கு தினமும் ஒரு அண்டா எலுமிச்சை சர்பத் கலக்குவாள். ஐஸ் மட்டும் மீன்பிடித் துறைமுகத்தில் வேலை பார்க்கும் தம்பி டெரிக்கின் உபயம். புயலால் காசிமேட்டுப் படகுகள் கரையில் நிற்க, மீனுக்கு வாங்கிய ஐஸ் சும்மா கிடந்தது. சும்மா கிடப்பதை டெரிக் விடுவானா? கூடை கூடையாகக் கொண்டுவந்து கொட்டினான்.

சில நாளிலேயே வாந்தி, பேதி. கக்கூஸ் வாசலில் திருவிழாக் கூட்டம். பிள்ளைகள் வாடிய கீரையாய்த் துவண்டன. பழி ரூத் மேல் விழுந்தது. இலங்கைச் சண்டைக்குத் தப்பி வந்து, சடையங்குப்பத்தில் குடியிருந்தவள். ஸ்டவ்வில் காய்ச்சிய தண்ணீரைத்தான் தன் பிள்ளைகளுக்குக் கொடுப்பாள்; சர்பத்தைத் தொட்டதில்லை. ஹில்டாவுக்கு அதிலேயே ஆத்திரம்.

"அல்லாரும் படுத்துகினு கீறாங்க, இவ புள்ளைங்க மட்டும் ஆடிகினு கீதுங்க! சீக்கு இவங்களாலதான். வேற எடத்துக்கு அனுப்புங்கப்பா!"

இதில் என்ன நியாயமோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். ஆனால் கூட்டம் தலையாட்டியது.

"பரவாயில்லை அக்கா. மூட்டை கட்டுறது எங்களுக்குப் பழக்கம்தானே" என்றாள் ரூத்.

அந்நேரம் பார்த்து ஹில்டாவின் மகள் ஆன்சி வாந்தியெடுத்தாள். பதறிப்போய், அவள் குடித்து வைத்த சர்பத் டம்ளரை ஹில்டா எடுத்துப் பார்த்தாள். அடியில் பளபளவென்று ஒரு மீன் செதில்.

"டேய் டெரிக், இன்னாடா இது?"

"மீன் கூடைலதானேக்கா ஐஸு. நல்லா கழுவிட்டுதான் எட்தாந்தேன்."

"எதுல கழுவுன?"

"ஆர்பர் தண்ணிலதான்."

அடப்பாவி! ஹில்டா சுற்றுமுற்றும் பார்த்தாள். வேறு யாரும் பார்க்கவில்லை. டம்ளரைக் கவிழ்த்துவிட்டால் தீர்ந்தது. ரூத் பிள்ளைகளோடு கேட்டைத் தாண்டிக்கொண்டிருந்தாள். அந்தச் சின்னதின் தலையில்கூட ஒரு மூட்டை. ஹில்டாவுக்கு அழுகை வந்துவிட்டது.

அண்டாவை ஒரே உதை. சர்பத் தாழ்வாரமெங்கும் ஓடியது.

"யாரும் தொடாதீங்க! என் சர்பத்துதான்யா சீக்கு! ரூத்து மேல தப்பே இல்ல!" என்று கத்திக்கொண்டே ஓடி, ரூத்தின் மூட்டையைப் பிடுங்கினாள். "எங்கியும் போவாத தாயி. என்னிய மன்னிச்சிடு. எம்பொண்ணுக்கு நீ காச்சுற தண்ணி கொஞ்சம் குடு."

ரூத் தன் வெந்நீர் பிளாஸ்க்கைத் திறந்து, உப்பும் சர்க்கரையும் கலந்து நீட்டினாள்.

"சுடும் அக்கா, ஆறட்டும். ஐஸ் மட்டும் போட்டிடாதேங்கோ."