வலது சக்கரம் பக்தாவுடையது

பல்செட் செய்கிறவன் கப்பல் செய்தால் அதன் துடுப்புகள் ஈறு நிறத்தில்தான் இருக்கும். இதில் சிரிக்க என்ன இருக்கிறது? ஷா ஆலம் ஏரிக்கரையில் என் கப்பலைப் பார்த்த அத்தனை பேரும் சிரித்தார்கள். என் பெயர் பேசில். மலேசியாவில், பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாடியில் சின்ன லேப் வைத்து, பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளுக்குப் பல்செட் செய்து கொடுக்கிறவன். நான் செய்த பற்களால் இந்த ஊரில் எத்தனையோ பேர் முறுக்கு கடிக்கிறார்கள். அவர்களில் ஒருவர்கூட இன்றுவரை என் கதவைத் தட்டி ஒரு முறுக்கு கொடுத்ததில்லை. அது கிடக்கட்டும்.

நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்பவர்களுக்கென்று ஒரு பதில் வைத்திருந்தேன். இப்போது யாரும் கேட்பதில்லை, பதிலும் மறந்துவிட்டது. லேப்புக்குப் பின்னாலேயே என் படுக்கை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலில் குடும்பம் குடும்பமாக நின்று எங்கே சாப்பிடப் போகலாம் என்று பேசிக்கொண்டிருப்பார்கள். நான் அவசர வேலை இருப்பவன்போல வேகமாக நடந்து காடியில் ஏறிக்கொள்வேன். அந்த அவசர வேலைதான் கப்பல்.

பழைய காலத்து நீராவிக் கப்பலின் சின்ன உருவம் அது. இரண்டு பக்கமும் பெரிய சக்கரம், சக்கரத்தைச் சுற்றித் துடுப்புப் பலகைகள். அவை தண்ணீரைத் தள்ளித் தள்ளிக் கப்பலை நகர்த்தும். என்னுடையதில் நீராவி கிடையாது. உள்ளே பேட்டரியும் சக்கரத்துக்கு ஒன்றாக மோட்டாரும் உண்டு. கரையில் நின்று ரிமோட்டில் ஓட்டலாம். சுக்கான் வைக்கவில்லை. ஒரு சக்கரத்தை மெதுவாக்கினால் கப்பல் அந்தப் பக்கம் திரும்பும், அவ்வளவுதான் கணக்கு. பெட்டியில் விற்கும் துண்டுகளை வாங்கி ஒட்டுகிற வேலை எனக்குப் பிடிக்காது. மெல்லிய பலகையை வெந்நீரில் ஊறவைத்து வளைத்து, உடம்பை நானே கட்டினேன். சக்கரப் பலகைகள் ஒரே அளவில், ஒரே எடையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சக்கரம் நொண்டும். ஒன்றை மெழுகில் செதுக்கி, அச்செடுத்து, பல்செட்டின் ஈறுக்கு வைத்திருந்த பசையைக் கொட்டி வேகவைத்தேன். அப்படி வந்ததுதான் ஈறு நிறம்.

கைப்பிடிக் கம்பியில்தான் தோற்றேன். மேல்தளத்தைச் சுற்றி வரும் பித்தளைக் கம்பி, தீக்குச்சியைவிட மெல்லியது. நான் பற்றவைத்தால் ஒவ்வொரு மூட்டிலும் ஒரு கட்டி. கிள்ளான் லிட்டில் இந்தியாவில் நகைக்கடை நகைக்கடையாக ஏறி இறங்கினேன். “அங்கிள், இது நகைக்கடை” என்று எனக்கு விளக்கம் சொன்னார்கள். ஒரு கடையில் மட்டும், பின்பக்கப் பட்டறையிலிருந்து டீ குடிக்க வந்த, நகை செய்யும் பத்தர் ஒருவன் கம்பியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

“யாருண்ணே இப்படி அப்பி வச்சது?”

“நான்தான்.”

“அப்ப சரி. தொழில் தெரிஞ்சவன்னா கோவம் வந்திருக்கும்” என்று சிரித்தான்.

அவன் பெயர் பக்தவத்சலம். விருத்தாசலத்துக்காரன், வேலைப் பெர்மிட்டில் வந்தவன். மனைவியும் மகளும் ஊரில். லீவு கிடைக்கும் நாட்களில் கிள்ளானிலிருந்து ரயிலேறி என் லேப்புக்கு வருவான். கம்பிக்காக வந்தவன் புகைபோக்கியையும் செய்தான், பிறகு சக்கரம் சுற்றுவதற்கான அச்சுத்தண்டும் போட்டான். வாய் ஓயாது. கடை முதலாளி, மாமியார், மலேசியச் சாம்பாரில் இருக்கும் இனிப்பு, எதையும் விடமாட்டான். வாயை மூடு என்று நான் நாளுக்கு நூறு தடவை சொல்லியிருப்பேன். அவன் மூடவில்லை. அவன் கடைசி ரயிலைப் பிடிக்கப் போனபிறகு லேப் எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிய ஆரம்பித்தது.

கப்பல் தண்ணீரில் இறங்கிய முதல் நாளே சண்டை.

“நீங்க பாட்டுக்கு ஓட்டிக்கிட்டே இருக்கீங்க. நான் வேடிக்கை பாக்கவா வந்தேன்?”

“நான் அடி போட்ட கப்பல் லா இது.”

“அச்சு யாரு போட்டது? புகைபோக்கி யாரு ஊதுனது? எனக்குப் பாதி கெடையாதா?”

பாதிதானே வேண்டும், வைத்துக்கொள் என்று அடுத்த வாரமே இன்னொரு ரிமோட் வாங்கினேன். இடது சக்கரம் என் ரிமோட்டில், வலது சக்கரம் அவன் ரிமோட்டில். கோபத்தில் செய்த காரியம்தான். உலகத்தில் எந்த மடையனும் ஒரு கப்பலை இப்படி இரண்டாகப் பிரிக்கமாட்டான்.

அதற்குப் பிறகு அது ஒரு நாளும் நேராகப் போனதில்லை. “அண்ணே, நிறுத்துங்க, நிறுத்துங்க!” என்று அவன் கத்துவான். “நீ வேகமா விடு லா!” என்று நான் கத்துவேன். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஒரே புத்தி வந்தால் கப்பல் கொஞ்ச தூரம் அழகாகப் போகும். உடனே யாராவது ஒருவன் பெருமையில் கெடுத்துவிடுவான். ஒரு தடவை கரையில் படுத்திருந்த உடும்பின்மேல் கொண்டுபோய் மோதினோம். உடும்பு ஒரு பக்கம் ஓட, பக்தா இன்னொரு பக்கம் ஓடினான். புல்லில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம். அதற்கு முன்னால் அப்படி எப்போது சிரித்தேன் என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்துப் பார்த்தேன். பிடிபடவில்லை.

பிறகு அவன் பெர்மிட் முடிந்தது. ஊருக்குப் போய்ப் புதுப் பெர்மிட்டுக்குக் காத்திருக்க வேண்டும் என்றார்கள். விமான நிலையத்துக்கு நான்தான் கொண்டுபோய் விட்டேன். உள்ளே போகிற நேரத்தில் அவனுடைய ரிமோட்டை எடுத்து அவன் பையில் திணித்தேன்.

“இது எதுக்குண்ணே எனக்கு அங்க?”

“திரும்பி வர்றப்ப கொண்டு வா. அதுவரைக்கும் கப்பல் அப்படியே இருக்கும்.”

திரும்பி வா என்று வெறுமனே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவன் வருவதற்கு ஒரு காரணம் அவன் பையிலேயே இருக்கட்டும் என்று நினைத்தேன்.

வாராவாரம் வாட்ஸ்அப்பில் எழுதினேன். “ரிமோட் பத்திரமா?” என்று கேட்பேன். “பத்திரம்ணே” என்று பதில் வரும். பேட்டரியைக் கழற்றி வைத்தாயா என்று ஒரு வாரம் கேட்பேன், பட்டன்கள் சரியாக இருக்கின்றனவா என்று அடுத்த வாரம். மழைக்காலம் வந்தபிறகு பதில்கள் தாமதமாயின. பிறகு நின்றே போயின. நான் எழுதியதைப் படித்துவிட்டான் என்று போன் காட்டும், பதில் வராது. நானும் விடவில்லை. ரிமோட் என்ன ஆச்சு, ரிமோட் எங்கே, ரிமோட்டைப் பார்த்தாயா. கடன்காரன்கூட இப்படிக் கேட்டிருக்கமாட்டான்.

ஒரே ஒரு நாள் கப்பலைத் தனியாக ஏரிக்குக் கொண்டுபோனேன். இடது சக்கரம் மட்டும் சுற்றினால் என்ன ஆகும்? வட்டம். போட்ட இடத்திலேயே வட்டம் வட்டமாகச் சுற்றியது. பக்கத்தில் நடைப்பயிற்சி செய்துகொண்டிருந்த ஒரு சீன ஆன்டி நின்று பார்த்துவிட்டு, பாவம் என்பதுபோல உச்சுக்கொட்டிவிட்டுப் போனார். கப்பலுக்கா எனக்கா என்று தெரியவில்லை. அன்றே அதைக் கொண்டுவந்து அலமாரிமேல் ஏற்றிவிட்டேன்.

என் அக்கா மகள் வனேசா எப்போதாவது வந்து எட்டிப் பார்ப்பாள். “மாமா, புது ரிமோட் ஒண்ணு வாங்கி சேத்துக்கலாமே. பத்து நிமிஷ வேலை” என்றாள். பத்து நிமிஷ வேலை என்பது எனக்குத் தெரியாதா? புது ரிமோட் வாங்கினால் அவன் வரமாட்டான் என்று நானே முடிவு செய்ததாகிவிடும். அதை அவளிடம் சொல்லவில்லை. உன் வேலையைப் பார் என்று மட்டும் சொன்னேன்.

அந்த வனேசாதான் தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால் வந்து சொன்னாள். தோழியின் கல்யாணத்துக்கு வளையல் வாங்கக் கிள்ளானுக்குப் போயிருந்தாளாம்.

“மாமா, உங்க ஃபிரண்டைப் பாத்தேன். அந்தக் கப்பல்காரரு.”

“அவன் விருத்தாசலத்துல இருக்கான்.”

“இல்ல மாமா. வேற கடையில வேலை செய்றாரு. வந்து நாலஞ்சு மாசம் ஆச்சாம்.”

வேறு யாரையோ பார்த்திருப்பாய் என்றேன். அவள் போனபிறகு ஒரு பல்செட்டைத் தேய்க்க எடுத்து, முன்பல்லைப் பாதிக்குமேல் தேய்த்துத் தொலைத்தேன். நாலஞ்சு மாதம். ரயிலேறினால் ஒரு மணி நேரம்கூட ஆகாத தூரத்தில் அவன் நாலஞ்சு மாதமாக இருந்திருக்கிறான். நான் அலமாரிமேல் இருக்கும் கப்பலுக்குத் தூசி தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. காடியை எடுத்துக்கொண்டு கிள்ளானுக்குப் போனேன். என்னென்ன கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

வனேசா சொன்ன கடையில் தீபாவளிக் கூட்டம். கல்லாவுக்குப் பக்கத்தில் நின்ற பெண்ணின் சட்டையில் தனலெட்சுமி என்று பெயர் குத்தியிருந்தது. பத்தர் பக்தவத்சலத்தைப் பார்க்க வேண்டும் என்றேன். அவள் பின்பக்கம் போய் இரும்புக் கம்பிக் கதவைத் தட்டிக் கூப்பிட்டாள். கதவு திறந்தது. அவன் வந்தான். மெலிந்திருந்தான். என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான்.

“அண்ணே... அந்த ரிமோட்டு...” என்றான்.

ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு அவன் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அதுதான்.

“மழையில ஓடு ஒழுகி, பொட்டியோட ஊறிப்போச்சுண்ணே. காயவச்சுப் பாத்தேன், ரிப்பேர் கடைக்கும் எடுத்துட்டுப் போனேன், ஒண்ணும் ஆவல. நீங்க வாராவாரம் கேட்டீங்க. பத்திரம்னு எத்தனை நாளுதான் பொய் சொல்றது? இங்க வந்ததும் உங்களைப் பாக்கணும்னுதான் இருந்துச்சு. கையில ரிமோட்டு இல்லாம எந்த மூஞ்சியோட வர்றதுன்னு...”

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவனை எப்படியாவது நிமிர வைக்க வேண்டும், அது மட்டும்தான் தோன்றியது.

“அது கெடக்குது லா” என்றேன். “நான் எப்பவோ மாத்திட்டேன். இப்ப ஒரே ரிமோட்டுல ரெண்டு சக்கரமும் ஓடுது.”

“அப்படியாண்ணே? நல்லா ஓடுதா?”

“நேரா போகுது.”

அவன் நிமிர்ந்தான். சிரித்தான்கூட. ஆனால் அது என்னமோபோல இருந்தது.

“நாம ஓட்டுனப்ப ஒரு நாளும் நேரா போகல” என்றான். பிறகு, “சரிண்ணே. தீபாவளி ஆர்டரு, தலைக்கு மேல வேலை” என்று உள்ளே போய்விட்டான். கதவு பூட்டிக்கொண்டது.

நான் காடி நிறுத்தியிருந்த இடத்துக்கு நடந்தேன். பெரிய மனுஷன்போல நடந்துகொண்டோம், அவன் குற்ற உணர்ச்சியைத் தீர்த்துவிட்டோம் என்றுதான் முதலில் நினைத்தேன். பூக்கடையைத் தாண்டியதும் அந்தச் சிரிப்பு நினைவுக்கு வந்தது. நான் அவனிடம் என்ன சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்? உன் சக்கரத்தையும் நானே ஓட்டிக்கொள்கிறேன், நீ இல்லாமலே கப்பல் நேராகப் போகிறது என்று சொல்லியிருக்கிறேன். இனி அவன் எதற்கு வருவான்?

திரும்பிக் கிட்டத்தட்ட ஓடினேன். மறுபடியும் கூப்பிடச் சொன்னேன்.

“முடியாது அங்கிள். வேலை நேரத்துல திரும்பத் திரும்பக் கூப்பிட்டா மாடியில இருக்குற முதலாளி ஏசுவாரு” என்றாள் தனலெட்சுமி. “ஏதாச்சும் சொல்லணும்னா சொல்லுங்க, நான் சொல்லிடுறேன்.”

என்ன சொல்வது? இதை இன்னொருவர் வாயில் எப்படிக் கொடுத்தனுப்புவது? நான் அவளைத் தாண்டிப் பின்பக்கம் போய்க் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டேன். உள்ளே சுத்தியல் தட்டும் சத்தம் கேட்டது.

“பக்தா! பொய் சொன்னேன் லா! கப்பல் ஓடல! நீ போனதுலேருந்து அது ஓடவே இல்ல!”

கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு அம்மா கழுத்தில் வைத்துப் பார்த்த சங்கிலியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். மாடிப்படியில் யாரோ இறங்கி வருகிற சத்தம் கேட்டது. எனக்கு முகமெல்லாம் சுட்டது. ஆனாலும் நிறுத்த முடியவில்லை.

“ரிமோட்டை யாரு லா கேட்டது? நீ எப்படி இருக்கேன்னு கேக்கத் தெரியாமத்தான் அதைக் கேட்டுக்கிட்டு இருந்தேன்!”

சுத்தியல் நின்றது. கம்பிக்கு அந்தப் பக்கம் அவன் முகம் வந்தது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்தான்.

“நீங்க எப்படிண்ணே இருக்கீங்க?” என்றான்.

அந்தக் கேள்விக்கு நல்லா இருக்கேன் என்பதைத் தவிர வேறு பதிலை நான் யாருக்கும் சொன்னதில்லை. கோயில் சாமியாரிடமும் சொன்னதில்லை, வனேசாவிடமும் சொன்னதில்லை.

“தனியா இருக்கேன் லா” என்றேன்.