தொப்பி வைத்த எழுத்து

முசியே தெனிஸின் அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்த மூன்று மாதத்தில் அது முப்பத்தோரு தடவை நின்றுபோனது. முப்பத்தோரு தடவையும் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தவள் அல்லி. சந்தேகம் யார்மேல் விழும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நிற்பது என்றால் அணைந்துபோவதில்லை. பாதி வார்த்தையோடு திரை அப்படியே உறைந்துவிடும். எந்தக் கீயைத் தட்டினாலும் அசையாது. அணைத்து மறுபடி போட்டால் நல்ல பிள்ளையாக எழுந்துகொள்ளும், ஆனால் அதுவரை அடித்த கடிதம் போனது போனதுதான்.

தெனிஸ் பிரெஞ்சு ராணுவத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர், அதனால் எல்லாருக்கும் 'முசியே', பிரெஞ்சில் ஐயா. காரைக்காலில் பிரெஞ்சுப் பென்ஷன் வாங்குகிறவர்களுக்காக மேலிடத்துக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பது அவர் தொழில். எண்பத்தெட்டில் பாரிசிலிருந்த மகன், பிரெஞ்சு கீபோர்டோடு ஒரு கம்ப்யூட்டரை அனுப்பிவைத்தான். அவர் பேனாவால் எழுதித் தருவார், அல்லி அதைப் பார்த்து அடிப்பாள். சுரக்குடியிலிருந்து பஸ்ஸில் வருகிறவள், டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்தவள். பிரெஞ்சு ஒரு வார்த்தை தெரியாது. தெரியாத பாஷையை ஒரு பிழையில்லாமல், ஐப்பசி மழை தகரத்தில் விழுகிற மாதிரி அடித்துத் தள்ளுவாள். பென்ஷன்காரர்கள் சிலர் அதை வேடிக்கை பார்க்கவே வந்து உட்காருவார்கள்.

மத்தியானம் அவள் சாப்பிடப் போகும் நேரத்தில் தெனிஸின் அண்ணன் மகள் மத்லேன் அடிப்பாள். ஒற்றை விரல்தான். எழுத்தைத் தேடி, கண்டுபிடித்து, ஒரு குத்து. மத்லேனிடம் மிஷின் ஒருநாளும் நின்றதில்லை.

தஞ்சாவூரிலிருந்து சிவசுப்பிரமணியன் என்ற மெக்கானிக் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், மூடியைத் திறந்து தூசி தட்டினார், கரண்ட்டை அளந்தார், ஸ்டெபிலைசரைக் குறை சொல்லிவிட்டு மாற்றினார். பிறகு தன்னுடைய பிளாப்பி டிஸ்கைப் போட்டு மிஷினை எழுப்பி, அல்லியை இங்கிலீஷில் அடிக்கச் சொன்னார். காலையிலிருந்து சாயங்காலம்வரை அடித்தாள். நிற்கவில்லை.

"மிஷின் தங்கமா இருக்குங்க. ஆபரேட்டர் பக்கம் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார். அன்று முழுக்க அடித்ததே அந்த ஆபரேட்டர்தான் என்பது அவருக்கும் உறைக்கவில்லை, தெனிசுக்கும் உறைக்கவில்லை.

மறுநாள் காலையிலேயே மிஷின் நின்றது. தெனிஸ் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"அல்லி, ஒன் கையில என்னமோ இருக்கும்மா. நான் கெட்டவன் இல்ல. மாசக் கடைசியோட நின்னுக்க."

அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. வேலை போவது ஒரு பக்கம். கை சரியில்லை என்று பெயர் வாங்கிக்கொண்டு போனால் காரைக்காலில் எந்தக் கீபோர்டுக்கு முன்னாலும் யாரும் உட்கார வைக்கமாட்டார்கள். மாசக் கடைசிக்கு ஒன்பது நாள் இருந்தது.

அன்றிலிருந்து மிஷின் நின்ற ஒவ்வொரு தடவையும், திரையில் கடைசியாக இருந்த வார்த்தையை ஒரு நோட்டில் வரைந்துவைத்தாள். அர்த்தம் தெரியாதவளுக்கு வார்த்தையும் கோலமும் ஒன்றுதான். நாலாம் நாள் நோட்டைப் புரட்டினாள். ஒவ்வொரு வார்த்தையும், தலைக்குமேல் கூரை மாதிரி குறி போட்ட எழுத்து, அவள் பாஷையில் தொப்பி வைத்த எழுத்து, வரவேண்டிய இடத்தில் அறுந்திருந்தது. அந்த எழுத்துக்கு முதலில் தொப்பிக் கீயை அடிக்க வேண்டும், அதன் பிறகு எழுத்தை. மெக்கானிக்கின் பிளாப்பியில் தொப்பியே கிடையாது. மகன் அனுப்பிய பிளாப்பியில்தான், மிஷினுக்குப் பிரெஞ்சு கீபோர்டைப் புரியவைக்கும் டிரைவர் என்ற சின்ன புரோகிராம் இருந்தது. மிஷின் எழும்போதே பிளாப்பியில் இருக்கும் ஒரு வரி அதைக் கூப்பிடும் என்று மெக்கானிக் அன்றைக்குக் காட்டியிருந்தார்.

அப்படியானால் மத்லேன் அடிக்கும்போது ஏன் நிற்கவில்லை? மறுநாள் சாப்பிடப் போகாமல் அவள் பக்கத்தில் நின்று பார்த்தாள். தொப்பிக் கீ வலதுகோடியில், 'ஈ' (E) எழுத்து இடதுபுறம். மத்லேனின் ஒற்றை விரல் இங்கிருந்து புறப்பட்டு அங்கே போய்ச் சேருவதற்குள் ஒரு வாய் காப்பி குடித்துவிடலாம். அல்லிக்கோ வலது சுண்டுவிரல் ஒன்று, இடது நடுவிரல் ஒன்று, இரண்டும் அடுத்தடுத்து விழும். முதல் கீயை அந்த டிரைவர் விழுங்கி முடிப்பதற்குள் இரண்டாவது கீ போய்த் தொண்டையில் அடைத்துக்கொள்கிறது.

சரிபார்க்காமல் வாயைத் திறக்கக்கூடாது என்று பொறுத்தாள். தொப்பியை மெதுவாக இருபது தடவை அடித்தாள். நிற்கவில்லை. வேகமாக அடித்தாள். மூன்றாவது தடவையில் நின்றது. டிரைவரைக் கூப்பிடும் வரியைப் பிளாப்பியிலிருந்து எடுத்துவிட்டு, மிஷினை மறுபடி எழுப்பி, அதே இரண்டு கீயை வெறியோடு அடித்தாள். தொப்பி வரவில்லை, ஆனால் மிஷின் கல்லு மாதிரி அசராமல் வேலை செய்தது. வரியைத் திரும்பச் சேர்த்தாள்.

"முசியே, இப்படி வந்து உக்காருங்க. இந்தக் கையால இத, அந்தக் கையால அத. கை தட்டுற மாதிரி டக்குடக்குன்னு அடிங்க."

"நான் எதுக்கு?"

"அடிங்களேன்."

தெனிஸ் அடித்தார். ஐந்தாவது தடவையில் மிஷின் நின்றது. தன் விரல்களையே சற்றுநேரம் பார்த்தார். அவள் நோட்டைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்ப டிரைவர்தான் கோளாறு. மகனுக்கு எழுதுறேன், வேற டிஸ்க் அனுப்பட்டும். அதுவரைக்கும் தொப்பி வந்தா கொஞ்சம் நிதானமா அடி. மாசக் கடைசின்னு சொன்னத மறந்துடு."

அவளுக்கு மனசு குளிர்ந்தது. அன்றிலிருந்து தொப்பி வரும் இடத்தில் எல்லாம் விரலைத் தூக்கி, மூச்சு விட்டு, பிறகு அடித்தாள். வண்டிமாட்டை ஒவ்வொரு வாய்க்காலிலும் பிடித்து நிறுத்துவது போலிருந்தது. மூன்று மணிக்கு முடிகிற வேலை ஆறு மணியைத் தொட்டது, நாலரை மணி சுரக்குடி பஸ் தவறியது. டிஸ்க் வந்துவிடும் என்று பொறுத்துக்கொண்டாள். ஒரு மாதம் போனது, இரண்டாவதும் போனது.

மூன்றாவது மாதத்தில் ஒருநாள் சவியே வந்தார். விழிதியூரில் இருக்கும் பழைய சிப்பாய். அவருடைய கடிதத்தை அல்லி அடித்துக்கொண்டிருந்தாள்.

"மிஷின் இப்ப நிக்கிறதில்லையா தெனிஸ்?" என்றார் சவியே.

"எங்க நிக்கிது? பொண்ணு அவசரக்காரி, அதான் கோளாறு. நான் பக்கத்துல உக்காந்து நிதானம் பழக்கிவிட்டேன். இப்பப் பாரு, எப்படி ஓடுதுன்னு."

சவியே பாராட்டுவது போல் தலையாட்டினார்.

அல்லியின் கை நின்றது. பாரிசுக்குக் கடிதமே போகவில்லை என்பது அந்த நிமிஷம்தான் அவளுக்குப் புரிந்தது. மகனுக்குப் போகிற கடிதத்தையும் அடிக்கிறவள் அவள்தான், இத்தனை நாளில் ஒன்றுகூட அவள் கைக்கு வரவில்லை.

சவியேயின் கடிதத்தை முதலில் பத்திரமாகப் பிளாப்பியில் ஏற்றினாள். சிப்பாய்க் கிழவர் மேல் அவளுக்கு ஒரு கோபமும் இல்லை. பிறகு அடுத்த வரியில், தன் முழு வேகத்தில், தொப்பியும் 'ஈ'யுமாக அடித்தாள். நாலாவது தொப்பியில் திரை உறைந்தது.

தெனிஸ் எழுந்து வந்தார். "என்ன ஆச்சு?"

"நின்னுடுச்சு முசியே" என்று சொல்லிவிட்டு அல்லி ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் அவர் பக்கம் நகர்த்தினாள். "மகனுக்கு எழுதுங்க. சவியே ஐயா கடுதாசிய முடிச்சுட்டு, நீங்க எழுதுறத அடிக்கிறேன். நான் நாலரை பஸ்ஸுக்குப் போகணும்."